அளவைத் தமிழ்: கலைச்சொல்லும் இடைச்சொல்லும்

0. முன்னுரை

அளவையியலின் அடிப்படைகளைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. மணிமேகலையின் 29-ஆம் காதை, 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம், யாழ்ப்பாணத்தவரான வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850-இல் வெளியிட்ட நியாய இலக்கணம், இலங்கையின் கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் தமிழ்வழி மாணவர் பயிலும் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்னும் பாடம் எனக் குறைந்தது நான்கு நிலைகளை எடுத்துக்காட்டலாம். இவற்றை இதுவரை இரு சாரார் ஆராய்ந்துள்ளனர். மெய்யியல் வரலாற்றாசிரியர் எந்தச் சமயத்தவர் எந்த அளவையை ஏற்றனர் என்று பார்த்தனர். கலைச்சொல் ஆய்வாளர் வடசொல் எத்தனை, தமிழ்ச்சொல் எத்தனை என்று கணக்கிட்டனர். உய்த்தறியும் வடிவத்தைத் தமிழ் வாக்கியம் எவ்வாறு தாங்குகிறது என்ற மூன்றாவது வினாவை எழுப்பியவர் சிலரே. மொழிபெயர்ப்பாளருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் பயன்படுவது இம்மூன்றாவது வினா என்பது இக்கட்டுரையின் கருத்து. மாணவர் ‘எடுகூற்று’ என்ற சொல்லால் இடறுவதைவிட ‘ஆல்’ என்ற உருபால் இடறுவதே மிகுதி.

1. அறவண அடிகளின் பாடம்

மணிமேகலையில் அளவை இருமுறை பேசப்படுகிறது. வஞ்சியில் மாதவன் வடிவு கொண்ட மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கும் 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். வேதவியாசர், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே பத்தும் எட்டும் ஆறும் கொண்டனர் என்ற செய்தியும் அங்கு உண்டு. அது கொள்கைகளின் பட்டியல். காஞ்சியில் அறவண அடிகள் கற்பிக்கும் 29-ஆம் காதையோ முறையான பாடம். அளவை காண்டலும் கருத்தும் என இரண்டே எனத் தொடங்கி, பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளை விளக்கி, உபநயத்தையும் நிகமனத்தையும் திட்டாந்தத்தில் அடக்கி, பின்னர்ப் போலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுடன் சொல்லிச் செல்கிறது. பக்கப் போலி ஒன்பது. ஏதுப் போலி மூன்று வகையாய் விரிந்து, அசித்தம் நான்கும் அநைகாந்திகம் ஆறும் விருத்தம் நான்குமாகப் பதினான்கு. திட்டாந்தப் போலி பத்து. ஆக முப்பத்து மூன்று.

இந்த எண்ணிக்கையும் வைப்புமுறையும் நியாயப் பிரவேசம் என்னும் வடமொழிச் சிறுநூலுடன் ஒத்திருப்பது நன்கு அறிந்த செய்தி. அந்நூலைத் திபெத்திய மரபு திக்நாகருக்கும் சீன மரபு சங்கரசுவாமிக்கும் உரியதாக்கும். யுவான் சுவாங் அதை 647-இல் சீனத்தில் பெயர்த்தார். மணிமேகலையின் காலத்தை வரையறுக்கும் வழக்கில் இக்காதையே இருதரப்பாருக்கும் சான்றாயிற்று. சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் எழுதிய நூலிலும் அதையொட்டிய மறுப்புகளிலும் அவ்வழக்கைக் காணலாம்; இங்கு அது வேண்டுவதில்லை. நமக்கு வேண்டியது, ஒரே தொடக்கநூல் சீனம், திபெத்தியம், தமிழ் என மூன்று மொழிகளுக்குச் சென்றபோது தமிழில் மட்டும் அது ஒரு காப்பியத்தின் உள்ளே, ஓர் இளம்பெண்ணுக்குச் சொல்லப்படும் பாடமாக அமைந்தது என்பதே. மைசூருவுக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. வடமொழி மூலம் மறைந்துபோயிருந்த திக்நாகரின் பிரமாண சமுச்சயத்தின் முதல் அதிகாரத்தை எச். ஆர். ரங்கசாமி ஐயங்கார் திபெத்தியத்திலிருந்து மீட்டமைக்க, மைசூர்ப் பல்கலைக்கழகம் 1930-இல் வெளியிட்டது. அவ்வதிகாரத்திற்கு ஜினேந்திரபுத்தி எழுதிய உரையின் வடமொழி மூலம் 2005-இல் அச்சேறிய பின்னர் ஆய்வு வேறு தளத்திற்குச் சென்றுவிட்டது எனினும், தென்னாட்டில் இத்துறைக்கு வித்திட்ட பணிகளுள் ஒன்றாக அதை மதிக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பு என்ற முறையில் இக்காதையை எவ்வாறு மதிப்பிடுவது? 1898-இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த காலந்தொட்டு, இது வடசொற்களால் நிறைந்த, கவிச்சுவை குன்றிய பகுதி என்ற எண்ணமே நிலவுகிறது. இறுதி நான்கு காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை வடநூற் கொள்கைகளை ஒப்பிட்டு உரை வரைந்திராவிடில் பலரும் இப்பகுதியைத் தாண்டிச் சென்றிருப்பர். வைதன்மியத் திட்டாந்தப் போலிகள் வரும் அடிகள் வடநூல் துணையின்றி விளங்கா என்பதையும் ஒப்பத்தான் வேண்டும். ஆயினும் இக்குறை பெயர்ச்சொற்களைப் பற்றியது. வாக்கிய அமைப்பை நோக்கினால் வேறொன்று புலப்படும்.

வடமொழியில் ஏதுவைச் சொல்லும் முறை, பண்புப்பெயர் ஒன்றை ஐந்தாம் வேற்றுமையில் நிறுத்துவது. ‘சத்தம் அநித்தம்’ என்பது பக்கமானால் ‘கிருதகத்வாத்’ என்பது ஏது. தமிழில் இதற்கு நேரானது தொழிற்பெயருடன் கருவிப் பொருளுக்குரிய ‘ஆல்’ உருபு: செய்யப்படுதலால், புகையுடைத்தாதலால். வேற்றுமை மாறினும் வினைப்பயன் மாறவில்லை. இவ்வடிவத்தைக் காப்பிய ஆசிரியர் கடன்கொள்ளவில்லை. காரணம் கூறும் தமிழ் வழக்கிலேயே அது இருந்தது. சொற்களைக் கடன்கொண்ட ஆசிரியர், அவற்றைப் பிணைக்கும் தசைநாரைத் தமிழிலிருந்தே எடுத்தார் எனலாம்.

அடுத்து, போலிகளுள் இரண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஒன்று, அசித்தத்தின் மூன்றாம் வகை. வடநூல் இதனை ஐயத்திற்குரியது என்னும் பொருளில் சந்திக்தம் என்கும். தமிழில் இது சித்தாசித்தம் எனப் பெயர் பெறுகிறது. வடசொல் சிதைந்து இவ்வாறாயிற்று என்போர் உளர். நிலைபெற்றதும் பெறாததுமாய் இருப்பது என ஆசிரியர் தெரிந்தே பொருள்கொண்டார் என்று நான் கருதுகிறேன்; எடுத்துக்காட்டும் அதற்கு இசைகிறது. எதிரே தெரிவது ஆவியோ பனியோ புகையோ என்று ஐயுற்றுக்கொண்டே, அங்கு நெருப்பு உண்டு என ஒருவன் துணிந்துவிடுகிறான். அவன் பயன்படுத்திய பொதுவிதி சரியானது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டுதான். தவறு, விதியைப் பொருத்துவதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது.

மற்றொன்று, சாதன்மியத் திட்டாந்தப் போலி ஐந்தனுள் இறுதியான விபரீதான்னுவயம். ‘செய்யப்படுவது எதுவோ அது அநித்தம்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘அநித்தமானது எதுவோ அது செய்யப்படுவது’ என்று மாற்றிச் சொல்வது. இன்றைய அளவையியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே வெளிப்படும் பிழை இதுதான். ‘எல்லாக் காக்கைகளும் கரியன’ என்பதிலிருந்து ‘கரியன எல்லாம் காக்கைகள்’ என்பதற்குத் தாவுவோர் இல்லை. ஆனால் எடுத்துக்காட்டு சிறிது அயலானதாக இருந்தால் தாவாதவர் அரியர். அன்னம்பட்டரிடத்தும் இதே பாடம் வேறு வாயிலாக வருகிறது. மலை புகையுடையது, நெருப்புடைமையால் என்று வாதித்தால், காய்ந்த இரும்புருண்டை அதனைக் கெடுக்கும். நெருப்புப் புகைக்கவேண்டுமாயின் ஈரவிறகு என்னும் உபாதி வேண்டும். புகையிலிருந்து நெருப்புக்குச் செல்லலாம், நெருப்பிலிருந்து புகைக்குச் செல்லலாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க இயலாது. இவ்வளவு அருமையான எடுத்துக்காட்டுகள் கைவசம் இருக்க, நம் அறிமுக நூல்கள் ‘சாக்ரடீசு ஒரு மனிதன்’ என்பதையே பல பதிப்புகளாகச் சுமந்துவருவது ஏன் என்று விளங்கவில்லை.

2. பெயர்கள்

கலைச்சொற்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லவேண்டும். மற்றவர்கள் மிகுதியாகச் சொல்லிவிட்டனர். பழைய சொற்களில் பல பொதுவழக்கில் இறங்கித் தம் கூர்மையை இழந்துவிட்டன. தர்க்கம் என்றால் வாய்ச்சண்டை. நியாயம் என்றால் நீதி. வாதத்திற்கு மூட்டுவலி என்பதும் பொருள். எல்லாவற்றினும் இரங்கத்தக்கது அனுமானம். உறுதியான சான்றிலிருந்து உறுதியான முடிவைப் பெறுதல் என்ற பொருளில் வந்த சொல், இன்று ‘சும்மா ஓர் அனுமானந்தான்’ என்று உறுதியின்மையைக் காட்டப் பயன்படுகிறது. பழைய நூலில் ‘அனுமானத்தால் அறியப்படும்’ என்பதைப் படிக்கும் இளைஞர், ஆசிரியர் தயங்குகிறார் என்று கொள்வாராயின் அவரைக் குறைகூற இயலாது.

இரு கரைகளும் வெவ்வேறு சொற்களைக் கைக்கொண்டதும் நேர்ந்தது. இலங்கையில் உய்த்தறி, தொகுத்தறி எனப்படுவன தமிழகத்துக் கற்பித்தல் நூல்களில் விதிவிளக்கு முறை, விதிவருமுறை எனப்படுகின்றன. பின்னவை வகுப்பறை உத்திகளின் பெயராக நன்கு பொருந்தும், அளவையியலுக்குப் பொருந்தா. விதியை விளக்குவது உய்த்தறிதலின் ஒரு பயனே தவிர அதன் இயல்பன்று. நான்கு வகை எடுப்புகளுக்கு நிறைவிதி, நிறைமறை, குறைவிதி, குறைமறை என்னும் இலங்கை வழக்கு, சுருக்கத்தாலும் ஒழுங்காலும் நான் அறிந்த தமிழாக்கங்களுள் மிகச் சிறந்தது. அதே வழக்கில் உள்ள ‘வாய்ப்பு’ அவ்வளவு நற்பேறு பெறவில்லை. முடிவு முறையாகப் பெறப்பட்ட வாதத்தை வாய்ப்பானது என்பர். வாய்த்தல் என்னும் வினையடி பொருத்தமானதே. ஆனால் தமிழகத்து வாசகருக்கு வாய்ப்பு என்பது தருணம். ‘இவ்வாதம் வாய்ப்பற்றது’ என்னும் வாக்கியம், வேலை கிடைக்காத ஒருவரைப் பற்றியது போல ஒலிக்கும்.

3. ஆல், ஆல்தான், ஆலும்

தமிழ் நிபந்தனை வாக்கியத்தின் அடிப்படை வடிவம், இறந்தகால அடியுடன் ‘ஆல்’ சேர்வது: பெய்தால், வந்தால். இதனோடு ஓர் இடைச்சொல் சேரும்போது அளவைத் தொடர்பே மாறிவிடுகிறது. பின்வரும் மூன்றையும் நோக்குக.

சாப்பிட்டால் விளையாடலாம்.
சாப்பிட்டால்தான் விளையாடலாம்.
சாப்பிட்டாலும் விளையாடலாம்.

முதலாவதில் சாப்பிடுதல் போதுமான நிபந்தனை. இரண்டாவதில் அது தேவையான நிபந்தனை. மூன்றாவதில் விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தை இம்மூன்றையும் பிழையின்றிப் பிரித்தறிகிறது. இரண்டாம் வாக்கியத்தைக் கேட்டுச் சாப்பிட்டு முடித்த குழந்தையைத் தாய் விளையாட விடாவிட்டால் அது முறையிடும். தாய் சொன்னது தேவையான நிபந்தனை மட்டுமே ஆதலின் வடிவ அளவையின்படி அவள் பொய் கூறவில்லை. குழந்தைக்கு அந்த விளக்கம் உதவாது.

குழந்தைக்குத் தெரிந்த இவ்வேறுபாடு, கணிதப் பாடநூலுக்கு வரும்போது சிக்கலாகிறது. இருதலை நிபந்தனையைத் தமிழகத்துப் பாடநூல்கள் ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ எனப் பெயர்க்கின்றன. பொருள் சரியே. ‘ஓர் எண் 2-ஆலும் 3-ஆலும் வகுபட்டால், வகுபட்டால் மட்டுமே, அது 6-ஆல் வகுபடும்’ என்று எழுதினால் தமிழும் குறைவுபடுவதில்லை. ஆனால் ஆங்கில வரிசையைப் பின்பற்றி நிபந்தனையை வாக்கியத்தின் ஈற்றில் தொங்கவிடும்போது, எச்சத்தை முன்னும் முற்றை இறுதியிலும் வைத்துப் பழகிய வாசகர், இன்னும் ஏதோ வரவிருக்கிறது என்று காத்திருக்கிறார். எந்தப் பாதி எத்திசையில் செல்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. இரு வாக்கியங்களாகப் பிரித்து, ஒன்றை ‘ஆல்’ என்றும் மற்றொன்றை ‘ஆல்தான்’ என்றும் எழுதுவதில் இழுக்கு எதுவும் இல்லை. கன்னடத்திலும் ‘மளெ பந்தரெ’ என்பதற்கும் ‘மளெ பந்தரெ மாத்ர’ என்பதற்கும் இடையே இதே வேறுபாடு உண்டு. மைசூருவில் தமிழ் கற்க வரும் கன்னட ஆசிரியருக்கு அதனை விளக்க ஒரு நிமிடம் போதும்.

‘ஆல்’ வடிவத்திற்கு இன்னொரு வரம்பு உண்டு. அது நிகழ்ச்சியை ஏற்கும், கூற்றை ஏற்காது. அடி எப்பொழுதும் இறந்தகால வடிவில் இருப்பதால் காலவேறுபாடு அதில் அழிந்துவிடுகிறது. நேற்றுப் பெய்ததா, நாளை பெய்யுமா என்பதைப் ‘பெய்தால்’ காட்டாது. ‘என்றால்’, ‘எனின்’ என்பன அவ்வாறல்ல. ‘நேற்று மழை பெய்தது என்றால்’, ‘நாளை பெய்யாது என்றால்’, ‘இவர் ஆசிரியர் என்றால்’ என எந்த முற்று வாக்கியத்தையும் முழுமையாக உள்ளே வாங்கிக்கொள்ளும். வடிவ அளவையியலுக்கு வேண்டியது கூற்றுகளுக்கிடையேயான தொடர்பு. பூல் 1847-இலும் பிரேகெ 1879-இலும் குறியீடுகளை அமைத்தபோது தேடிய தெளிவில் ஒரு பகுதி, நம் உரையாசிரியர்களின் ‘என்னையெனின்’ என்னும் நடையில் முன்பே இருந்தது என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் மாற்றாரின் கூற்றை அப்படியே எடுத்து நிறுத்தி, அதிலிருந்து என்ன விளையும் என்று பார்க்கும் கருவி அந்த ‘எனின்’தான். பாடநூல் எழுதுவோர் வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு ‘ஆல்’ வடிவத்தையும், கூற்றுக் கணிதத்திற்கு ‘என்றால்’ வடிவத்தையும் வரையறுத்துக்கொண்டால், பொருளுக்கும் வடிவத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கண்ணாலேயே காண்பர்.

முன்னிலை பொய்யாயின் நிபந்தனைக் கூற்று முழுவதும் மெய் என்று மெய்ம்மை அட்டவணை கூறும்போது மாணவர் மறுகுவது எல்லா நாட்டிலும் உள்ளது. இதற்கும் நம்மிடம் உதவி இருக்கிறது. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்ற பழமொழியை மறுப்பவர் எவரும் இல்லை. அத்தைக்கு மீசை இல்லை என்பதே அக்கூற்றை எவராலும் பொய்யாக்க இயலாதபடி காக்கிறது.

‘அல்லது’ பற்றி ஒரு குறிப்பு மட்டும். ‘அல்’ என்னும் எதிர்மறை அடியிலிருந்து வந்த இச்சொல் பழைய வழக்கில் ‘அதுவன்றி’ என்று பொருள்படும். அதாவது, முதலாவது இல்லையெனின் இரண்டாவது. உறழ்வுக் கூற்றை எதிர்மறை முன்னிலையுடைய நிபந்தனைக் கூற்றாக மாற்றலாம் என்னும் சமன்பாட்டைச் சொல்லின் பிறப்பே சொல்லிவிடுகிறது.

4. சொல்லாமற் பெறப்படுவது

‘நீ படித்தால் தேறுவாய்’ என்று கேட்பவர், ‘படிக்காவிட்டால் தேறமாட்டாய்’ என்பதையும் சேர்த்தே கேட்கிறார். கூற்றில் இல்லாத இப்பொருளை கைஸ், சுவிக்கி ஆகிய இருவரும் 1971-இல் அழைக்கப்பட்ட உய்த்துணர்வு என்று பெயரிட்டு விளக்கினர். நிபந்தனை வாக்கியத்தின் திசையை மாற்றும் பிழைக்கு அடியில் இப்பழக்கமும் இருக்கிறது. உளவியலாளர் வேசன் 1966-இல் நான்கு அட்டைகளைக் கொண்டு அமைத்த சோதனையில் பெரும்பாலோர் தவறியதும், பழக்கமான சமூக விதியாக அதே சோதனையை அமைத்தபோது பலர் தேறியதும் பின்னர் விரிவாக ஆராயப்பட்டன.

இங்குத் தொல்காப்பிய மரபு தரும் வெளிச்சம் குறிப்பிடத்தக்கது. எடுத்துச் சொன்ன சொல் தன் இனத்தையும் குறிப்பதுண்டு என்பது கிளவியாக்கத்துள் வரும் விதி. மேலைத்தெருச் சேவல் வென்றது என்றால் கீழைத்தெருச் சேவல் தோற்றது என்பது பெறப்படும் என்ற முறையில் உரைகாரர் விளக்குவர். அவ்விதியில் நிற்கும் உம்மையைக் கொண்டு, இனத்தைக் குறியாமையும் உண்டு என்றும் அவர்கள் சேர்த்துக் கொள்வர். ஆக்களை வாழ்த்தினால் மற்ற விலங்குகளைச் சபித்ததாகாது. ஒரு பொருள் கூற்றிலிருந்து கட்டாயமாக விளைகிறதா, சூழலால் பெறப்பட்டு வேண்டும்போது விலக்கத்தக்கதா என்னும் வேறுபாடு அந்த ஓர் உம்மைக்குள் அடங்கியிருக்கிறது. 27-ஆம் காதையில் அருத்தாபத்திக்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டும் இவ்வகையினதே: கங்கையில் ஆயர்பாடி உள்ளது என்றால் கரையில் உள்ளது என்று கொள்ளவேண்டும். உய்த்தறிதலைக் கற்பிக்கும் ஆசிரியர், இனஞ்செப்பலை ஒரு பிழையென்று கடிந்து ஒதுக்குவதைவிட, அதற்கு ஓர் இடமும் பெயரும் இலக்கணத்தில் உண்டு என்று காட்டி, வடிவ அளவைக்குள் அதற்கு அனுமதியில்லை என்று வரம்பு கட்டுவதே தக்கது.

5. முற்றும்மையும் எதிர்மறையும்

‘எல்லா மாணவரும் தேறவில்லை.’ இவ்வாக்கியத்திற்கு ஒருவரும் தேறவில்லை என்பதும், சிலர் தேறினர் சிலர் தேறவில்லை என்பதும் பொருளாகலாம். முதற்பொருள் நிறைமறை, இரண்டாவது நிறைவிதியின் மறுப்பு, அதாவது குறைமறை. முரண் சதுக்கத்தில் இவை வெவ்வேறு மூலைகளில் நிற்பன. ஒரே வாக்கியம் இரு மூலைகளுக்கும் உரியதானால் அச்சதுக்கத்தைக் கற்பிப்பது எப்படி?

இதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கூறும். முற்றும்மை சிலவிடத்து எச்சப் பொருளும் தரும் என்பதை அதுவும் நன்னூலும் தனி விதியாகவே ஓதின. உரைகாரர் அதற்குத் தரும் காட்டுகள் எதிர்மறை முடிபு கொண்டவை. முற்றளவும் எதிர்மறையும் ஒரு வாக்கியத்தில் சந்திக்கும்போது எதன் ஆட்சிக்குள் எது அடங்குகிறது என்ற வினாவை, இக்காலப் பொருண்மையியலின் கலைச்சொற்கள் இன்றியே அவர்கள் கண்டிருந்தனர். எழுத்தில் இரட்டுறும் வாக்கியம் பேச்சில் பெரும்பாலும் இரட்டுறுவதில்லை என்பதையும் கூறவேண்டும். ‘எல்லாரும்’ என்பதை அழுத்தி ஒலித்தால் எச்சப் பொருள் வரும். அழுத்தாவிடில் முற்றுப் பொருளே மேலோங்கும். அச்சுக்கு அழுத்தம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் இங்குச் செய்யத்தக்கது எளிது. நிறைமறைக்கு ‘எந்த மாணவரும் தேறவில்லை’ என்ற வடிவத்தையும், குறைமறைக்குச் ‘சில மாணவர் தேறவில்லை’ என்ற வடிவத்தையும் மாறாது கையாண்டு, ‘எல்லா… உம்’ என்பதை எதிர்மறை வினையோடு சேர்ப்பதை அளவையியல் நூலில் அறவே தவிர்க்கலாம். ‘எல்லாரும் தேறினர் என்பது மெய்யன்று’ என்று கூற்றின் வெளியே எதிர்மறையை நிறுத்தவும் தமிழில் இடமுண்டு. பார்த்தவரை, தேர்வு வினாக்களிலும் விடைக்குறிப்புகளிலும் இந்த எச்சரிக்கை எப்பொழுதும் காக்கப்படுவதில்லை. அவ்வாறான வினாவிற்கு மாணவர் ‘பிழையான’ விடை தரும்போது, இழப்பது அவருடைய மதிப்பெண். பிழை வினாவின் தமிழில் இருந்திருக்கலாம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

6. மெய்ம்மையும் வடிவமும்

உருசிய உளவியலாளர் லூரியா 1931, 1932-ஆம் ஆண்டுகளில் உசுபெக்கிஸ்தான் உழவர்களிடம் சில நியாயத்தொடைகளைச் சொல்லி முடிவு கேட்டார். பனி மூடிய வடபுலத்தில் கரடிகள் எல்லாம் வெண்மையானவை, இன்ன ஊர் வடபுலத்தில் உள்ளது, அங்குள்ள கரடியின் நிறம் என்ன? எழுத்தறியாத உழவர் சிலர், தாம் அங்குச் சென்றதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்றனர். இது உய்த்தறியும் ஆற்றல் இன்மையைக் காட்டுவதாகப் பலர் எழுதினர். அறவண அடிகளின் அவையில் அவ்வுழவர் அவ்வளவு எளிதில் தோற்றிருக்கமாட்டார். ஏது இருதரப்பாருக்கும் ஒத்த முடிபாக இருத்தல் வேண்டும். ஒருவர் ஏற்காத ஏதுவைக் கொண்டு வாதிப்பது அன்னியதராசித்தம் என்னும் போலி. வெள்ளைக் கரடியை உழவர் இன்னும் ஏற்கவில்லை.

இந்திய அளவை மரபு எடுகூற்றின் மெய்ம்மையையும் வாதத்தின் வடிவத்தையும் ஒன்றாகவே ஆராய்ந்தது. மெய்யல்லாத எடுகூற்றிலிருந்தும் முறையான வடிவத்தில் முடிவு பெறலாம் என்பதை மேலை அளவையியல் பிரித்துக் காட்டியது. இவற்றுள் எது உயர்ந்தது என்பது இங்கு வினாவன்று. வழக்கு மன்றத்தில் முன்னதும் கணிதத்தில் பின்னதும் இன்றியமையாதவை. தமிழ்வழியில் கற்கும் மாணவரின் இடர்ப்பாடு, இவ்விரண்டையும் குறிக்க அவரிடம் ‘சரி’ என்ற ஒரு சொல்லே இருப்பதுதான். ‘எல்லா மீன்களும் பறப்பன; திமிங்கிலம் ஒரு மீன்; ஆகவே திமிங்கிலம் பறப்பது’ என்பது சரியா என்று கேட்டால், சரியன்று என்று அவர் சொல்வதே சரி. ‘வாய்ப்பு’க்கு மாற்றாக ‘வடிவச் செம்மை’ என்னலாம். சொல்லைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை.

சொல்லைவிட வினாவின் இலக்கணமே இங்கு உதவும். ‘புகையுடைத்தாதலால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ தொழிற்பெயரோடு நின்று, மெய்யென ஏற்றுக்கொண்ட காரணத்தைச் சொல்கிறது. ‘புகையுடைத்தானால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ வினையடியோடு நின்று, ஏற்காமலே எடுத்து நிறுத்திய ஒன்றைச் சொல்கிறது. ஓரிரு எழுத்துகளின் வேறுபாடுதான். லூரியாவின் வினாவை அறுதியிட்ட கூற்றுகளாகச் சொல்லாமல், ‘வடபுலத்துக் கரடிகள் எல்லாம் வெண்மையானவை என்றும், இவ்வூர் வடபுலத்தில் உள்ளது என்றும் ஒருவன் சொன்னான் என்க, அவன் சொல்லின்படி இவ்வூர்க் கரடியின் நிறம் யாது?’ என்று ‘என்’ என்னும் இடைநிலை வினையால் பொதிந்து தமிழில் கேட்கலாம். தாம் பார்க்காத கரடிக்கு உறுதிமொழி தரவேண்டிய சுமை அப்போது உழவர்மேல் விழுவதில்லை. லூரியாவிடமே சிலர், தங்கள் சொற்படி அது வெண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று இறுதியில் விடை தந்ததாக அவர் பதிவு செய்துள்ளார்.